வேலி தாண்டி விழுந்த ராக்கெட்

நோரீன் லெய்க்கர் அதிகம் பேசுகிறவள் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கான்சஸில் மண்சாலைகளைச் சுரண்டிச் சமன்செய்யும் கிரேடர் வண்டியில் பாதி ஆயுசைக் கழித்தவள். காலையில் வண்டி ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை பேச்சுத்துணைக்கு எஞ்சின்தான். யார் எதைப் பறித்துக்கொண்டு போனாலும் அவள் வாயில் வருவது ஒரே வார்த்தை: "போகட்டும்." விவாகரத்தின்போது கணவன் நல்ல வண்டியை எடுத்துக்கொண்டு போனான், போகட்டும் என்றாள். அப்பா அல்ஃபோன்ஸ் இறந்தபோது வீடும் கோதுமை நிலமும் அண்ணன் வெர்ஜிலுக்குப் போயின. அதற்கும் போகட்டும் என்றாள். அவள் பங்குக்கு வந்தது நூற்றறுபது ஏக்கர் புல்தரை. கலப்பை படாத, குட்டைப் புல் படர்ந்த, ஒரு மரம்கூட இல்லாத வெறும் தரை.

அந்தத் தரையில் வெர்ஜிலின் மாடுகள் மேய்ந்தன. கேட்டுக்கொண்டு மேயவில்லை, வருஷக்கணக்காக மேய்ந்தன. நோரீன் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு வசந்தகாலத்தில், சாலை வேலை முடிந்து வரும் வழியில், தன் நிலத்தை ஒரு தரம் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பினாள். படலில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சாவியா? உனக்கு எதுக்கு நோரி சாவி?" என்றான் வெர்ஜில். குரலில் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "அங்க உனக்கு என்ன வேலை?"

 போனை வைத்த பிறகும் வெகுநேரம் அந்தப் படலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

சாலை இலாகா அலுவலகத்துக்கு வெண்டல் ஸ்ட்ரூப் வந்தது சில நாள் கழித்து. ஓய்வுபெற்ற பல் டாக்டர்; ராக்கெட் விடுகிற கிளப் ஒன்றின் தலைவர். குழந்தைகள் விடுகிற காகித ராக்கெட் இல்லை இவர்களுடையது. ஆள் உயரத்துக்கு நிற்கும், மேகத்தைத் தொட்டுவிட்டு வரும். அவர்கள் வழக்கமாக விடுகிற நிலத்துக்குச் சொந்தக்காரர் அதில் சோளம் போட்டுவிட்டாராம். மரமோ மின்கம்பியோ இல்லாத தரை எங்காவது இருக்கிறதா, இந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றாள் நோரீன்.

அன்று சாயங்காலமே கொட்டகையிலிருந்து இரும்புவெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டை வெட்டினாள். அண்ணனின் மாடுகளைக் கையைத் தட்டித் தட்டி வேலிக்கு வடக்கே ஓட்டிவிட்டு, தன் பணத்தில் வாங்கிய புதுப் பூட்டை மாட்டினாள். வெர்ஜில் தலைதெறிக்க ஓடிவந்து கத்தினான். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனான். அவன் மனைவி மட்டும், "ஏன் இப்படிப் பண்ற நோரீன்?" என்று கேட்டாள். "மண்ணு என்னுது," என்றாள் நோரீன். அதற்கு மேல் அவளுக்கே விளக்கத் தெரியவில்லை.

கிளப்காரர்கள் முதல்முறை வந்தபோது, நிலத்துக்காரி என்ற மரியாதைக்காக அவளிடம் ஏவுகிற பட்டனைக் கொடுத்தார்கள். எண்ணி முடித்ததும் அமுக்கினாள். தரை அதிர்ந்தது, நெஞ்செலும்புக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோலச் சத்தம். தீயும் வெண்புகையுமாக அது ஏறி ஒரு புள்ளியாகி மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதைக் கட்டியவன் துள்ளிக் குதித்து நண்பர்களைக் கட்டிக்கொண்டான். நோரீன் கையில் பட்டனோடு நின்றாள். பக்கத்துவீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவள்போல இருந்தது அவளுக்கு.

"எனக்கு ஒண்ணு வேணும்னா என்ன பண்ணணும், டாக்டர்?" என்று வெண்டலிடம் கேட்டாள்.

வெண்டல் சந்தோஷமாகத்தான் விளக்கினார். ராக்கெட் எஞ்சின்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். ஒரு எழுத்து ஏறினால் பலம் இரட்டிப்பாகும். கடையில் யாரும் வாங்கக்கூடியவை சின்னவை. 'எச்', 'ஐ' என்று பெரிய எஞ்சின் வேண்டுமென்றால் ஒரு பரீட்சை உண்டு. தானே கட்ட வேண்டும், தானே விட வேண்டும், அது சேதமில்லாமல் கீழே இறங்க வேண்டும், எடுத்துவந்து காட்ட வேண்டும். காட்டினால் கையெழுத்து.

"ஆனா நீங்க சின்னதுல தொடங்குங்க நோரீன். ரெண்டு மூணு சின்னது விட்டுப் பழகிட்டு..."

"எதுக்கு?"

"பழகத்தான்."

"கிரேடரை நான் சின்ன கிரேடர்ல பழகல, டாக்டர்."

ராக்கெட் கட்டுவதற்கான 'கிட்' ஒரு பெட்டியில் வந்தது. சமையலறை மேஜையை ஒழித்து அதில் பிரித்துப் பரப்பினாள். கெட்டி அட்டைக்குழாய், மரத்துடுப்புகள் மூன்று, எஞ்சின் உட்காரும் உள்குழாய், அதை நடுவில் பிடித்து நிறுத்தும் வளையங்கள், பிளாஸ்டிக் மூக்கு, ஆரஞ்சு நிறப் பாராசூட், அதையும் மூக்கையும் உடலோடு இணைக்கும் நீள நாடா. ஒன்றாகச் சேர்த்துவைத்தால் அவளைவிட உயரம். அன்றிலிருந்து சாப்பாடெல்லாம் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடிதான். பசை கலந்து துடுப்பை ஒட்டினால் காயும்வரை அது அசையக் கூடாது. துடுப்பும் குழாயும் சேருகிற மூலையில் விரலால் பசையை இழுத்து வழித்து, உள்வளைவாக வழுவழுப்பாக்க வேண்டும். அந்த வேலை மட்டும் அவளுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. சாலையோரத்தில் தண்ணீர் வடிய மண்ணை அணைப்பதும் இதே வளைவுதான், அளவுதான் வேறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வீடெல்லாம் வெள்ளைத் தூசி படிந்தது. கடைசியில் கிரேடரின் அதே அடர்மஞ்சளில் ஒரு டப்பா வாங்கிவந்து பூசினாள்.

ஊரில் இது பரவ அதிக நேரம் ஆகவில்லை. கூட்டுறவு தானியக் களஞ்சியத்தில் காலைக் காப்பிக்குக் கூடுகிற ஆட்களுக்கு அந்தக் கோடை முழுவதும் இதுதான் பேச்சு.

"நோரீன், உள்ள உக்கார சீட் போட்டிருக்கியா?" என்று கேட்டான் ஒருவன்.

"எனக்கு இல்ல. மூக்குக்குள்ள கொஞ்சம் இடம் காலியா இருக்கு. உன் மூளைய வெக்கிறதா இருந்தா குடு, இன்னும் நிறைய இடம் மிஞ்சும்."

காப்பிக் கோப்பையோடு அவள் வெளியே போனதும், நோரீனுக்கு இவ்வளவு பேச வருமா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

தன்னுடையதை அவள் முதலில் ஏவியது ஆகஸ்டு வெயிலில். உச்சிக்குப் போனதும் உள்ளிருக்கும் ஒரு சிட்டிகை மருந்து வெடித்து மூக்கைக் கழற்றித் தள்ளும். பின்னாலேயே பாராசூட் வெளியே வரும். அதுதான் ஏற்பாடு. இன்னொருவனுடைய ராக்கெட்டில் மூக்கு நடுவழியிலேயே கழன்று விழுந்ததைப் பார்த்திருந்த நோரீன், தன்னுடையது அப்படி ஆகக் கூடாதென்று மூக்கின் கழுத்தில் கூடுதலாக நாலு சுற்று டேப் ஒட்டியிருந்தாள். காலையில் வெண்டல் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. அவள் முறை வந்தது மத்தியானம்.

ஏறினது என்னவோ அழகாகத்தான் ஏறியது. மஞ்சள் கோடு போட்டதுபோல நேராக. மேலே 'டப்' என்று சின்னச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஆரஞ்சு நிறத்தைத் தேடினார்கள். அது வரவில்லை. தலைகீழாகத் திரும்பிய ராக்கெட் விசில் போன்ற ஓசையோடு இறங்கி, பாதி உடம்பு தெரியாமல் தரைக்குள் போய்ச் செருகி நின்றது.

 வேலிக்கு வடக்கே தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த வெர்ஜில்தான் முதலில் வாய் திறந்தான். காற்றில் நன்றாகவே கேட்டது.

"நோரி, கம்பம் நல்லா ஆழமா நட்டிருக்க. அப்படியே வரிசையா நாலு நட்டுடு, நான் வந்து கம்பி இழுத்துக் கட்டறேன்."

கிளப்காரர்களிலேயே சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்கள். ஆனால் அண்ணனின் கேலியைவிட அவளுக்கு எரிச்சலூட்டியது இவர்களின் அனுதாபம். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ குளிர்ந்த சோடா கொண்டுவந்து நீட்டினார்கள். வெண்டல், சாவுவீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், "எல்லாருக்கும் நடக்கிறதுதான். அடுத்ததுக்கு ஒரு சின்ன கிட் எடுத்துப் பாருங்க, இதைக் கைவிட்டுடலாம்," என்றார்.

நோரீன் தன் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள். உதவிக்கு வந்தவர்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டுத் தானே தோண்டினாள். மூக்கு பிளந்திருந்தது, முன்பாதிக் குழாய் கைத்துருத்தியாக மடிந்திருந்தது. பின்பாதியைத் திருப்பிப் பார்த்தாள். துடுப்புகள் மூன்றும் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒட்டிய இடத்திலேயே இருந்தன. விரலால் வழித்த அந்த வளைவுகளைத் தடவிப் பார்த்தாள்.

"இதை ஏன் கைவிடணும்?" என்றாள். "நான் ஒட்டினது எதுவும் பிரியல. மூக்குதான் கழறல. ஏன் கழறல, அதைச் சொல்லுங்க டாக்டர்."

வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் மூக்கு வெயிலில் உப்பும். அதன் மேல் நாலு சுற்று டேப். பாட்டிலில் தக்கை இறுகுவதுபோல இறுகிவிட்டது. "நான் மத்தியானம் இன்னொரு தடவை பிடிச்சுப் பாத்திருக்கணும். அது என் மேல தப்பு," என்றார் அவர். "டேப் ஒட்டினது என் கைதான்," என்றாள் அவள்.

நசுங்கியதை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் குழாய் வாங்கிச் சேர்த்தாள். புது மூக்கின் கழுத்தை, வெயிலில் வைத்துச் சூடேறிய பிறகும் சுலபமாகக் கழலும்வரை, உப்புத்தாளால் தேய்த்தாள். இந்த முறை எஞ்சினை ஓர் எழுத்துக் குறைத்துக்கொள்ளலாமே என்று வெண்டல் போனில் சொன்னபோது, "அதே 'ஐ'தான்," என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குள் வெர்ஜிலும் சும்மா இருக்கவில்லை. எல்லைவேலியின் கம்பங்களுக்கெல்லாம் ஊதா நிறம் அடித்தான். அனுமதியில்லாமல் வேட்டைக்கு உள்ளே வராதே என்று அர்த்தம். களஞ்சியத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "என் பக்கம் என்ன விழுந்தாலும் அது எனக்குத்தான். திருப்பிக் குடுக்கற பேச்சே இல்ல," என்றான். அந்த ஊரில் தெற்குக் காற்றுதான் பெரும்பாலும் அடிக்கும். அவள் நிலம் தெற்கு, அவன் நிலம் வடக்கு. பாராசூட் எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கும் தெரியும்.

அக்டோபரில் மறுபடி கூடினார்கள். ஏவுதளத்தைத் தெற்குக் கோடிக்கே தள்ளிப் போட்டார் வெண்டல். காலையில் காற்று சாதுவாக இருந்தது. நோரீன் ராக்கெட்டைக் கொண்டுபோய் அலுமினியத் தண்டில் கோத்து நிறுத்தி, வயர்களை இணைத்து, திரும்பி நடக்கும்போது புல் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"காத்து ஏறுது. விதிப்படி விடலாம்தான்," என்றார் வெண்டல். "ஆனா வேலி தாண்டிடும் நோரீன். வேணாம்னா இறக்கிடலாம். வசந்தத்துல விட்டுக்கலாம்."

வேலிக்கு அப்பால் அந்தப் பிக்கப் வண்டி நின்றது. "விடுங்க," என்றாள்.

ஐந்திலிருந்து எண்ணினார்கள். இந்த முறை பட்டனை அவள் தனக்காக அமுக்கினாள். தீ பிடித்து, தண்டை உதறிக்கொண்டு, காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் மூக்கைச் சாய்த்தபடி மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். 'டப்.' பிறகு, எங்கோ மிக உயரத்தில், நகக்கண் அளவுக்கு ஆரஞ்சு பூத்தது.

பின்னால் கைதட்டலும் கூச்சலும் கேட்டன. அவள் திரும்பவில்லை. பாராசூட் ஆடி அசைந்து வடக்கே போவதையே பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவள் தலைக்கு மேலே கடந்து, வேலியையும் கடந்து, அண்ணனின் மாட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குச் சற்றுத் தள்ளி அது இறங்கியது.

கிளப்காரர்கள் வேலிவரை கூடவே வந்தார்கள். வெண்டல் அவள் கையைப் பிடித்தார். "அனுமதி இல்லாம பக்கத்து நிலத்துக்குள்ள போகக் கூடாதுன்னு கிளப் சட்டமே இருக்கு. நான் போய் அவர்கிட்டக் கேட்டுப் பாக்கறேன்."

"உங்க சட்டம் உங்களுக்கு. நீங்கல்லாம் இங்கயே நில்லுங்க. நான் எங்கண்ணனப் பாக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு, முள்கம்பியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

இளம் பசுக்கள் நாலைந்து ராக்கெட்டைச் சுற்றி நின்று முகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று பாராசூட்டின் ஓரத்தை வாயில் போட்டு அசைபோட்டது. வெர்ஜில் வண்டியை ஓட்டிவந்து அவளுக்கு முன்பே இறங்கி நின்றான்.

"ஊதா கண்ணுல படலயா உனக்கு?"

"பட்டுச்சு. ஊதா வேட்டைக்காரங்களுக்கு. என் கையில துப்பாக்கி இருக்கா பாரு."

"ஷெரிஃபைக் கூப்பிடுவேன் நோரி."

"கூப்பிடு. அவர் வர்ற ரோட்டைப் போன வாரம்தான் வழிச்சு விட்டேன். குலுங்காம வந்து சேருவார்."

வெர்ஜிலின் முகம் சிவந்தது. "அறுபது வயசுல உனக்கு இது தேவையா? ஊரே சிரிக்குது. அப்பா அந்த நிலத்த உனக்குக் குடுத்தது இப்படிக் கூத்தடிக்கவா?"

"அப்பா எதுக்குக் குடுத்தார்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. என்ன பண்ணப் போறன்னு அவர் என்னக் கேட்டதே இல்ல. குடுத்தார், அவ்வளவுதான். அங்க உனக்கு என்ன வேலைன்னு நீ கேட்டியே வெர்ஜில்? இதோ, இதுதான் எனக்கு அங்க வேலை."

வெர்ஜில் கீழே கிடந்த மஞ்சள் உடம்பைப் பார்த்தான். பிறகு, மெல்ல, தன் பூட்ஸ் காலைத் தூக்கி ஒரு துடுப்பின் மேல் வைத்தான். இன்னும் மிதிக்கவில்லை. பாரம் போட்டால் முறிந்துவிடும். முறிந்தால் பரீட்சை போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றவர்கள் யாரும் அசையவில்லை.

நோரீனுக்கு, சின்ன வயதில் அவன் இதேபோலக் காலைத் தூக்கியபோதெல்லாம் அழுதுகொண்டு கெஞ்சியது ஞாபகம் வந்தது. அவள் கெஞ்சவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மிதி," என்றாள். "மிதிச்சா இன்னொண்ணு கட்டுவேன். அதையும் மிதி, அதுக்கப்புறமும் கட்டுவேன். காத்து தெக்கேருந்துதான் அடிக்கும். எல்லாம் இங்கதான் வந்து விழும். நான் வந்து எடுத்துக்கிட்டே இருப்பேன். உன் கால் எத்தன வருஷத்துக்குத் தாங்கும்?"

வெர்ஜில் அவளை ஏறிட்டுப் பார்த்தான். தெரியாத ஊரில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. காலை எடுத்தான். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தி, மாடுகள் சிதறி ஓட, புழுதி கிளப்பிக்கொண்டு போனான்.

பசுவின் வாயிலிருந்து பாராசூட்டை உருவுவதுதான் அதைவிடச் சிரமமாக இருந்தது. எல்லாவற்றையும் சுருட்டி ராக்கெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் திரும்பிவந்தபோது, இரண்டு பேர் கம்பியை அகலப் பிடித்தார்கள். வெண்டல் அங்கேயே புல்லில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். குழாயில் மடிப்பில்லை. துடுப்புகள் உறுதி. எஞ்சின் அதன் இடத்தில். பாராசூட்டில் ஒரு கிழிசல், அதைச் சுற்றி நுரைநுரையாக எச்சில்.

"இது பறக்கும்போது கிழிஞ்சதா?" என்று கேட்டார்.

"மாடு தின்னது."

"மாடு தின்னது பறத்தல்ல சேராது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கைதட்டியபோது நோரீன் சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள் என்றார் யாரோ. மாட்டேன் என்று தலையாட்டினாள்.

வெர்ஜில் விடவில்லை. மாவட்டத்தை ஆளும் கவுண்டி சபையில் மனுக் கொடுத்தான்: மாடுகள் மிரளுகின்றன, தீப்பிடிக்கும், நிறுத்துங்கள் என்று. விசாரணை நாளில் நோரீன் வேலை உடுப்பிலேயே போய் நின்றாள். உறுப்பினர் ஒருவர், உங்கள் அண்ணனோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று நயமாகக் கேட்டார். "பேசறதுக்கு என்ன இருக்கு? மிரண்ட மாடு இல்லீங்க அது, என் பாராசூட்டத் தின்ன மாடு," என்றாள். சபை சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. புல்லை ஒட்ட வெட்ட வேண்டும், தண்ணீர் வண்டி ஒன்று நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு மனுவைத் தள்ளினார்கள். அண்ணன் தங்கை பேச்சு அன்றோடு அடியோடு நின்றது. அது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கிறிஸ்துமஸ் பூசையில் அவன் குடும்பம் உட்கார்ந்த பக்கம் அவள் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

பனி உருகத் தொடங்கிய சமயம், பங்குச் சாமியார் லாம்பர்ட் அவள் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேஜையில் இந்த முறை இன்னும் பருமனான குழாய் கிடந்தது, அடுத்த பரீட்சைக்கானது. நோரீன் துடுப்பு ஒன்றை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பசை இறுகுகிற நேரம்.

"வெர்ஜில் அனுப்பினார்," என்றார் சாமியார், தொப்பியைக் கழற்றியபடி. "அந்தப் புல்தரையை நல்ல விலைக்கே வாங்கிக்கறாராம். குடும்பத்துச் சொத்து குடும்பத்துக்குள்ளயே இருக்கும், சண்டையும் தீந்துடும்னு சொல்றார். கொஞ்சம் யோசிச்சுப் பாரேன் நோரீன்."

"அது குடும்பத்துக்குள்ளதான் இருக்கு ஃபாதர். நான் குடும்பம் இல்லையா?"

சாமியார் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விக்கறதுக்கில்லன்னு சொல்லிடுங்க. கோவமா சொல்லாதீங்க, சும்மா சொல்லுங்க. ஏப்ரல்ல விடறோம், அவனுக்கு வரணும்னு இருந்தா படல் திறந்திருக்கும்னும் சொல்லுங்க." துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தாடையால் சுட்டிக் காட்டினாள். "உக்காருங்க ஃபாதர். காப்பி அங்க இருக்கு, நீங்களே ஊத்திக்கணும். இப்ப நான் கைய எடுக்க முடியாது."